நோட்டு நனையக் கூடாது: மழையில் மலை ஓட்டத்துக்கு வாலண்டியராகப் போகிறவர்களுக்கு

தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது, கை தட்டுவது, நாலு போட்டோ எடுப்பது. வாலண்டியர் வேலை இவ்வளவுதான் என்று நினைத்துத்தான் பலரும் பெயர் கொடுக்கிறார்கள். கோவை ரேஸ் கோர்ஸில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அது போதும். மலைப்பாதை அல்ட்ராவுக்குப் போதாது. 42.195 கிலோமீட்டருக்கு மேல் எவ்வளவு ஓடினாலும் அல்ட்ராதான். வழக்கமாக 50, 80, 100 கிலோமீட்டர் என்று வைப்பார்கள். விடியற்காலையில் கிளம்பியவர்களில் முதல் ஆள் மதியத்துக்குள் முடித்துவிட்டால், கடைசி ஆள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் வந்துகொண்டிருப்பார். வெயில், காற்று, இடி, மூடுபனி எல்லாம் அந்த ஒரே நாளில் வந்து போகலாம்.

மழை பிடித்துவிட்டால் வாலண்டியருக்கு மிஞ்சும் வேலை இரண்டு. எந்த நம்பர் வந்தது, எந்த நம்பர் போனது என்று பிசகாமல் எழுதுவது ஒன்று. வருகிற ஆளின் முகத்தைப் பார்த்து இவர் அடுத்த எய்டு ஸ்டேஷன், அதாவது வழியில் தண்ணீரும் சாப்பாடும் கொடுக்கும் இடம், போய்ச் சேருவாரா என்று கணிப்பது இன்னொன்று. கீழே சொல்லப்போவது எல்லாமே இந்த இரண்டுக்கும் உதவத்தான்.

பெயர் கொடுக்கும்போது

"எங்க போட்டாலும் சரிங்க" என்று சொல்லிவிடாதீர்கள். வேலைகள் பலவகை. நம்பர் சீட்டு கொடுக்கிற மேசை, எய்டு ஸ்டேஷன், பிரிவுப்பாதையில் நின்று வழிகாட்டும் மார்ஷல், கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து வரும் ஸ்வீப்பர், முடிவுக்கோட்டில் டிராப் பேக், அதாவது ஓடுகிறவர்கள் முன்பே கொடுத்து வைத்த பையை எடுத்துக் கொடுப்பது. முதல் தடவை போகிறவர் எய்டு ஸ்டேஷன் கேட்டு வாங்குவது நல்லது. அங்கே நாலைந்து பேர் இருப்பார்கள், தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய் இருக்கும், அனுபவசாலி ஒருவர் கேப்டனாக இருப்பார். பிரிவுப்பாதையில் தனியாக நிற்கும் வேலை பார்க்கச் சுலபம். மழையில் அதுதான் கடினம். அந்த இடம்தான் கிடைத்தது என்றால் துணைக்கு ஒருவரைக் கேளுங்கள். தர முடியாது என்று சொல்லும் அமைப்பாளரிடம் நீங்களும் வர முடியாது என்று சொல்லலாம், தப்பில்லை.

இன்னும் மூன்று கேள்விகள் உண்டு. வனத்துறை அனுமதி எழுத்தில் இருக்கிறதா? 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, காட்டுப் பாதையில் ஆட்களைக் கூட்டிப்போவதற்குத் தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்துவிட்டன. அனுமதி இல்லாத பாதையில் ஆபத்து வந்தால் உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதே சிக்கலாகிவிடும். அடுத்தது, ஓட்டத்தை நிறுத்தும் முடிவை எடுப்பது யார், அவர் போன் எடுக்காவிட்டால் அடுத்தது யார்? மூன்றாவது, உங்கள் ஸ்டேஷனுக்கு ஜீப் வருமா, ஆம்புலன்ஸ் எந்த இடம் வரை ஏறும்? பதில் மழுப்பலாக இருந்தால் அந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.

வானத்தைப் படிப்பது

நம் பக்கம் மழை ஒரே மாதிரி வருவதில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடித்து வீசும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் காற்றாலைகள் சுற்றுவது அதில்தான். அந்த மாதங்களில் கோவையில் தூறல்கூட இல்லாமல் வால்பாறையில் நாள் முழுக்கக் கொட்டும். தமிழ்நாட்டில் அதிக மழை பெய்கிற இடமான சின்னக்கல்லார் அங்கேதான் இருக்கிறது. கோவைச் சமவெளிக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் சித்திரை தொடங்கியே சாயங்கால இடிமழை உண்டு. காலையில் பளிச்சென்று இருக்கும், மூன்று மணிக்கு மேகம் கருக்கும், நாலு மணிக்கு இடி.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். சேலத்தில் பனியனோடு வண்டி ஏறியவர் ஏற்காட்டில் இறங்கும்போது எட்டு டிகிரி குறைந்த குளிரில் நிற்பார். அதில் மழையும் காற்றும் சேர்ந்தால் தெர்மாமீட்டர் 15 டிகிரி காட்டினாலும் நனைந்த உடம்பு விறைக்கும்.

மூன்று நாள் முன்பிருந்தே வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். அவர்கள் கணக்கில் ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டர் தாண்டினால் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.4க்கு மேல் அதி கனமழை. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தும் ஓட்டம் நடக்கும் என்று சொன்னால் காரணம் கேளுங்கள். மின்னலுக்கு தாமினி செயலியை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பை

நனைந்து நடுங்குகிற வாலண்டியரால் யாருக்கும் பிரயோசனமில்லை. ஆகையால் முதலில் நீங்கள் காய்ந்திருக்க வேண்டும். காற்றில் குடை நிற்காது. தொளதொள பாஞ்சோ பறந்து முகத்தில் அடிக்கும். சட்டை, பேன்ட் என்று இரண்டு துண்டாக வரும் ரெயின்கோட்தான் சரி. பைக் ஓட்டுகிறவர்கள் போடுவதே போதும், ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். மாற்று உடுப்பு ஒரு செட், இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு துண்டு மூன்றையும் பாலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையையும் இன்னொரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். குரங்குக்குல்லாய் போட வெட்கப்படாதீர்கள். ஹெட்லாம்ப் கட்டாயம், மாற்று பேட்டரியும் வேண்டும். பவர் பேங்க், சொந்த டம்ளர், சொந்தச் சாப்பாடு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. ஓடுகிறவர்களுக்கு வைத்ததை எடுத்துச் சாப்பிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கடைசியில் வருகிறவருக்கு வாழைப்பழம் இல்லை என்று சொல்லும் நிலை வந்துவிடும்.

"மழைல போயி அங்க எதுக்குங் நிக்கோணும்?" என்று வீட்டில் கேட்பார்கள். திரும்பி வரும் நேரத்தையும், போன் சிக்னல் இருக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி பத்து மணிக்கு அமைப்பாளர் போனுக்கு அப்பிச்சி கூப்பிடுவார்.

தார்ப்பாய் கட்டுவது

முதல் ஓட்டக்காரர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இடத்தில் இருங்கள். கல்யாண வீட்டு ஷாமியானா மாதிரி நாலு பக்கமும் திறந்து உயரமாகக் கட்டினால் மலைக்காற்றில் அரை மணி தாங்காது. தாழ்வாக, ஒரு பக்கம் சரிவாகக் கட்டுங்கள். காற்று வரும் பக்கம் தரையைத் தொட வேண்டும், திறப்பு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். ஆடிக்காற்றில் திறப்பு கிழக்கே இருக்கும். இடிமழைக் காலத்தில் காற்று நாலா பக்கமும் திரும்பும் என்பதால் பக்கவாட்டில் இறக்கிவிட இன்னொரு பாயைச் சுருட்டித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஊன்ற இடமில்லாத பாறையில் நிரப்பிய இருபது லிட்டர் தண்ணீர் கேன்தான் ஆணி. கயிற்றை அதன் கழுத்தில் கட்டுங்கள். குடிக்க எடுக்கும் கேனில் கட்டாதீர்கள், காலியாகும்போது கூடாரமும் கிளம்பிவிடும். பாயின் நடுவில் தண்ணீர் தேங்கி வயிறு தள்ளினால் உள்ளிருந்து ஒரு கொம்பால் தூக்கி வடியுங்கள். அதற்குக் கீழே சாப்பாட்டு மேசையைப் போடாதீர்கள்.

மேல்பக்கத்து மண்ணில் மம்முட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டால் உள்ளே சேறாகாது. எஸ்டேட் நிலம் என்றால் கேட்டுவிட்டு வெட்டுங்கள். உட்கார வைக்கிற இடத்தில் பாய், பிரித்த அட்டைப்பெட்டி, தெர்மாகோல் என்று எதையாவது போடுங்கள். ஈரத்தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

நோட்டு

நோட்டுக்காரர் ஒருவர். அவருக்கு வேறு வேலை கிடையாது. டீ ஊற்றச் சொல்லாதீர்கள், பாட்டில் நிரப்பச் சொல்லாதீர்கள். பேனா ஈரத்தில் எழுதாது, பென்சில் எழுதும். நாலு கட்டம் போதும்: நம்பர், வந்த மணி, போன மணி, குறிப்பு. ரெயின்கோட்டுக்குள் நம்பர் சீட்டு மறைந்திருக்கும். ஆகவே ஒவ்வொருவரிடமும் சத்தமாகக் கேட்க வேண்டும்.

"அண்ணா, நம்பர் சொல்லுங்ணா."

"நூத்தி... நூத்திப் பதினேழு."

"நூத்திப் பதினேழுங்களா? சித்தெ ஜிப்பைத் தொறங்க, பாத்துக்கறேன்."

இந்தச் சின்னப் பேச்சில் நம்பரும் கிடைக்கும், வாய் குழறுகிறதா, ஜிப்பைத் திறக்க விரல் வளைகிறதா என்பதும் தெரிந்துவிடும். அதனால்தான் நோட்டு எழுத ஒரு சின்னப் பையனை உட்கார வைப்பது எனக்கு ஒப்பாது. இருக்கிறவர்களில் நிதானமான ஆளைப் போடுங்கள்.

போன மணியை எழுதுவதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். வந்தவர் தார்ப்பாய்க்குப் பின்னால் ஒதுங்கப் போயிருப்பார், அப்படியே பாதையில் இறங்கிவிடுவார். திறப்பை ஒன்றாகவே வைத்து, நோட்டுக்காரரை அதன் ஓரத்தில் உட்கார வைத்தால் தப்பாது. ஓட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று சொல்கிறவரிடம் நம்பர் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, எந்த வண்டியில் யாரோடு போனார் என்று எழுதுங்கள். யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்த் தூங்குகிற ஒரு ஆளுக்காகப் பத்துப் பேர் ராத்திரி முழுக்க மலையில் தேடுவது நடக்கிற கதைதான்.

மணிக்கு ஒரு தடவை கடைசியாக வந்த நம்பரையும் மொத்த எண்ணிக்கையையும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள். போன் கால் போகாத இடத்திலும் எஸ்எம்எஸ் சில சமயம் போய்விடும். எந்தப் பாறை மேல் ஏறினால் ஒரு கோடு சிக்னல் வருகிறது என்று மழைக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாக்கி-டாக்கி கொடுத்தால் நம்பரை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: "ஒன்று, ஒன்று, ஏழு."

வருகிற முகம்

முன்னால் ஓடுகிறவர்களைப் பற்றிப் பொதுவாக அதிகக் கவலை வேண்டாம். ஓட்டமே அவர்களுக்குச் சூடு. களைத்து நடக்கத் தொடங்கியவருக்குத்தான் உடம்பு சூடு உண்டாக்குவது குறைகிறது. நனைந்த சட்டையும் காற்றும் மிச்சத்தைப் பிடுங்குகின்றன. கட்-ஆஃப் நேரத்தை, அதாவது அந்த ஸ்டேஷனைத் தாண்டக் கொடுத்த கடைசி நேரத்தை, ஒட்டி வருகிறவர்களை உற்றுப் பாருங்கள்.

உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது தாழ்வெப்பநிலை. முதலில் நடுக்கம். பிறகு கை தடுமாறும், கால் இடறும், பேச்சு குழறும், சிடுசிடுப்பு வரும். "எனக்கு ஒன்னுமில்லீங், உடுங்" என்று சொல்லிக்கொண்டே பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் நிற்பார். வாய் சொல்வதை விட்டுவிட்டு விரலைப் பாருங்கள். நடுக்கம் நின்று தூக்கம் சொக்குகிறது என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, கை மீறிப் போகிறது.

செய்ய வேண்டியது இதுதான். காற்றுக்கு மறைவாக உட்கார வையுங்கள். ஈரச் சட்டையைக் கழற்றித் துடைத்து, காய்ந்த துணியும் குல்லாயும் போடுங்கள். அதற்கு மேல் போர்வை, அலுமினிய ஃபாயில் ஷீட். ஃபாயில் தீர்ந்துவிட்டால் பெரிய குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் காற்றைத் தடுக்கும். டம்ளரைத் தானாகப் பிடித்து விழுங்க முடிகிறவருக்கு மட்டும் வெதுவெதுப்பான இனிப்புக் காபி. கை கால்களைத் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். "ஒரு கட்டிங் போட்டா சூடாயிருமுங்" என்று யாராவது யோசனை சொன்னால் அவரை அந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள்; மது தோலுக்கு ரத்தத்தை இழுத்து உள்சூட்டை இன்னும் குறைக்கும். குழப்பமாகப் பேசினாலோ நடுக்கம் நின்றுவிட்டாலோ அசைக்காமல் படுக்க வைத்து, 108க்கும் ஓட்டத்தின் மருத்துவருக்கும் சொல்லுங்கள்.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் ஆலங்கட்டி மழையும் குளிர்காற்றும் திடீரென்று அடித்து, ஓடிய 172 பேரில் 21 பேர் இறந்தார்கள். முன்னணி வீரர்களும் அதில் உண்டு. ஒரு ஆடு மேய்ப்பவர், தான் மழைக்கு ஒதுங்கியிருந்த குகைக்குள் ஆறு பேரைச் சேர்த்துக் காப்பாற்றினார். அவரிடம் இருந்தது நெருப்பும் போர்வையும் காற்றுக்கு ஒரு மறைவும்தான்.

அடுப்பும் தண்ணீரும்

மழை நாளில் குளிர்ந்த பானங்களை யாரும் தொட மாட்டார்கள். சூடாக, உப்பாக ஏதாவது வேண்டும். கொள்ளு ரசம் பிளாஸ்கில் வைத்தால் வரிசை கட்டுவார்கள். அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய வடித்து, வெந்நீர் விட்டு இளக்கி, உப்புக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு டம்ளரில் கொடுங்கள். ஸ்பூன் தேட வேண்டாம், குடித்துவிட்டுப் போவார்கள். நாட்டுச்சர்க்கரை போட்ட சுக்குக் காபி, உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, கடலை உருண்டை, வாழைப்பழம் போதும். சேறு பிடித்த கை தட்டுக்குள் போகாதபடி நீங்களே இடுக்கியால் எடுத்துக் கொடுங்கள். ஒருவருக்கு வயிறு போனால் பத்துப் பேருக்குப் போகும்.

ஓஆர்எஸ் கலக்கும்போது பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். அவசரத்தில் அரை லிட்டரில் கலக்காதீர்கள், பாக்கெட்டைப் பங்கு பிரிக்காதீர்கள்.

தண்ணீரை யாருக்கும் திணிக்காதீர்கள். மழையில் வேர்வை குறைவு. பழக்கத்தில் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே வந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தப் பரிசோதனை செய்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு அப்படி இறங்கியிருந்தது. தலைவலி, குமட்டல், வாட்ச் பட்டை இறுகும் அளவுக்கு வீங்கிய விரல், குழப்பம் இருந்தால் வெறும் தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். வலி மாத்திரை கேட்டால் கொடுக்காதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இடியும் ஓடையும்

மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் ஆபத்து பக்கத்தில் இருக்கிறது. கதவு மூடிய வேன், ஜீப், கான்கிரீட் கட்டடம் எது இருக்கிறதோ அதற்குள் எல்லாரையும் ஏற்றுங்கள். இரும்புக் கால் போட்ட கூடாரம் பாதுகாப்பு இல்லை, தனி மரத்தடியும் இல்லை. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே விட வேண்டும். கட்-ஆஃப் போச்சு என்று சத்தம் போடுவார்கள், போடட்டும். நிறுத்தி வைத்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள், ரேஸ் டைரக்டர் கழித்துக்கொள்வார்.

பாதையில் ஓடை இருந்தால் அங்கே ஒரு குச்சியை நட்டுத் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டு வையுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் இருந்தாலும் மலை உச்சியில் பெய்த மழை இறங்கி வரும். நீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, சத்தம் மாறுவது மூன்றும் முன்னறிவிப்பு. வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும். கயிறு கட்டிக் கடத்திவிடலாம் என்ற வீரம் வேண்டாம். நிறுத்துங்கள், தகவல் சொல்லுங்கள்.

காட்டு உயிர்கள்

ஏற்காட்டில் காட்டெருமை, வால்பாறையிலும் ஆனைகட்டிப் பக்கமும் யானை. பார்த்தால் விசில் அடிக்காதீர்கள், முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள், போட்டோவுக்குக் கிட்டே போகாதீர்கள். ஓடுகிறவர்களை நிறுத்தி வைத்துவிட்டு, உடன் வந்திருக்கும் வனத்துறைக் காவலர் சொல்வதைக் கேளுங்கள். உள்ளூர் மலைவாசிகள் "இன்னைக்கு அந்தப் பக்கம் வேண்டாமுங்" என்றால் அதற்கு மேல் விவாதம் இல்லை. அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் நெட்டித் தள்ளுங்கள். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறைய விடாது. கொஞ்ச நேரம் கசியும், கழுவித் துணி கட்டினால் நின்றுவிடும்.

கடைசி ஆளும் கணக்கும்

கட்-ஆஃப் நேரம் முடிந்ததும் மூட்டை கட்டத் தோன்றும். ஸ்வீப்பர் வந்து சேர்ந்து, முந்தைய ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய எண்ணிக்கையும் உங்கள் நோட்டில் வந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகிற வரை அடுப்பை அணைக்காதீர்கள். ஒரு நம்பர் குறைந்தாலும் உடனே மேலே சொல்லுங்கள், காத்திருந்து பார்க்க வேண்டாம். நேரம் தவறி வருகிறவரிடம் கட்-ஆஃப் சொல்வது சங்கடமான வேலை. முதலில் காபியைக் கையில் கொடுங்கள், உட்கார வையுங்கள், பிறகு "அக்கா, நேரம் ஆயிருச்சுங், வண்டி கீழ நிக்குது, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள். அழுவார்கள், திட்டுவார்கள். அடுத்த வாரம் அவர்களே நன்றி மெசேஜ் போடுவார்கள், போடாவிட்டாலும் பரவாயில்லை.

குப்பை, ரிப்பன், கயிறு எல்லாம் இறங்க வேண்டும். வழிகாட்டி ரிப்பன்களை ஸ்வீப்பர் அவிழ்த்துக்கொண்டே வருவார், மீதியை நீங்கள் பொறுக்குங்கள். விட்டுவிட்டால் மாடு தின்றுவிடும். நோட்டை வேறு யாரிடமும் கொடுத்தனுப்பாமல் கட்டுப்பாட்டு அறையில் நேரில் ஒப்படைத்து, அதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக மலைப்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு எழுபது. தூக்கக் கண்ணோடு மூடுபனியில் அதில் இறங்குவது ஓடியவர்கள் எடுத்த ஆபத்தைவிடப் பெரியது. தங்கிய மண்டபத்திலேயே நாலு மணி நேரம் படுத்து எழுந்து, விடிந்ததும் கிளம்புங்கள். ஞாபகம் மங்குவதற்குள், எது எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எந்த இடத்தில் சிக்னல் கிடைத்தது, எத்தனை ஃபாயில் ஷீட் செலவானது என்று நாலு வரி எழுதி அமைப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த ஆண்டு அந்த ஸ்டேஷனுக்குச் சாமான் பட்டியல் போடுகிறவர் அதை வைத்துத்தான் போடுவார்.